கருந்துளையின் திணிவு: எண்ணும் வழியும்

கருந்துளைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பலவற்றைப் படிக்கையில் நமக்கு ஒரு குறை புலப்படுகிறது. அகோரப் பசி கொண்ட அரக்கனாகக் கருந்துளையை வருணிக்கிறார்கள். ‘ஒரு கோடி சூரியன்களின் திணிவு’ என்றெழுதி வியப்புக் குறியிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொல்வாரில்லை. வழி கூறாத எண் விஞ்ஞானமாகாது; அது புராணத்தின் புதிய பதிப்பேயாகும்.

ஓர் உதாரணம் காட்டுவோம். லடாக்கிலுள்ள ஹான்லேயில், தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீற்றர்த் தொலைகாட்டி உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளரும் பிறரும் அதன் வழியாக 2007இல் எச் 0507+164 என்னும் விண்மீன் கூட்டத்தின் கொந்தளிக்கும் மையத்தைப் பல இரவுகள் நோக்கினர். மையத்தின் ஒளி கூடிக் குறைந்தது. அதனைச் சுற்றியோடும் வாயு முகில்களின் ஒளியும் அவ்வாறே மாறிற்று. ஆனால் ஏறத்தாழ 3 நாட்கள் பிந்தி மாறிற்று. ஒளி 3 நாட்களிற் செல்வது ஏறக்குறைய 7,800 கோடி கிலோமீற்றர். அதுவே முகில்களின் சராசரித் தூரம். நிறமாலைக் கோட்டின் அகலம் அவற்றின் வேகத்தைக் காட்டும். தூரத்தை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் திணிவு கிடைக்கும்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடிவதில்லை. முகில்கள் எவ்வடிவில் அமைந்துள்ளன, எவ்வாறு ஓடுகின்றன என்பது நேரிற் புலப்படுவதில்லை. ஆகவே, பல விண்மீன் கூட்டங்களை ஒப்பிட்டுப் பெற்ற சராசரிக் காரணி ஒன்றாலும் பெருக்குகிறார்கள். இவ்வாறு கிடைத்த விடைதான் ஏறத்தாழ 1 கோடி சூரியன். தனியொரு மையத்திற்கு அச்சராசரி இரண்டு, மூன்று மடங்கு பிசகவுங் கூடும். ஆய்வாளர் தம் வழுவை எண்ணோடு சேர்த்தே வெளியிடுகின்றனர். அதை மறைப்பவர்கள் நம் எழுத்தாளர்களே!

வழுவை வெளிப்படையாகச் சோதிக்கும் பாடம் யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று. 1829இல் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றிய பஞ்சாங்கக் கணிப்புப் பிழையென வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூர் முன்கூட்டியே கூறினார். கிரகண இரவில் வானமே தீர்ப்பளித்தது. அம்மிஷனரியின் மத நோக்கத்தை நாம் மறக்கவில்லை. எனினும், சோதனைக்கு உட்படும் கணக்கே அறிவு என்னும் உண்மை எவருக்கும் உரியதன்றோ?

‘பஞ்சாங்கம் சொல்லிற்று’ என்பதற்கும், ‘விஞ்ஞானி சொன்னார்’ என்பதற்கும் வேறுபாடு காணாத மாணவனை உருவாக்கினோமாயின், நாம் கற்பித்தது விஞ்ஞானமன்று. வியக்க வைப்பது எளிது. வினவ வைப்பதே எழுத்தின் கடமை.