அடிச்சுவடும் ஆயுதமும்

அறிஞர் ஒருவருக்கு ஊரார் எழுப்பும் நினைவுச் சின்னமும் ஒரு நூலைப் போன்றதே. அதற்கும் ஒரு கருத்து உண்டு. சொன்னதும் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. ஆகவே நூலை மதிப்பிடுவது போலவே அதனையும் மதிப்பிடலாம். அவ்வகையில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆபர்ன் என்னும் சிற்றூரிலுள்ள கோடார்ட் நினைவுப் பூங்காவை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

அரபு மொழியில் ‘அஸர்’ என்றொரு சொல் உண்டு. மாலைத் தொழுகையின் பெயர் வேறு. எழுத்தும் வேறு, பொருளும் வேறு. இந்த ‘அஸர்’ மணலில் பதிந்த அடிச்சுவட்டைக் குறிக்கும். முன்னோர் விட்டுச் சென்ற நினைவுச் சின்னங்களையும் இதன் பன்மையாகிய ‘ஆஸார்’ என்னும் சொல்லாலேயே அரபியர் வழங்குவர். இப்பெயர் பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. அடிச்சுவடு, ஒருவர் வந்து போனதை மட்டுமா சொல்கிறது? அவர் எத்திசை நோக்கி நடந்தார் என்பதையும் அன்றோ சொல்கிறது! நினைவுச் சின்னத்திற்கும் இதுவே உரைகல்லாம்.

ராபர்ட் கோடார்ட் (1882–1945) இயற்பியல் பேராசிரியர். திரவ எரிபொருளால் இயங்கும் ராக்கெட்டை உலகில் முதன்முதலாகப் பறக்கவிட்டவர். 1926 மார்ச் 16 அன்று, ஆபர்னில் தம் உறவுப் பெண்மணி ஒருவரின் பண்ணையில் அதனைச் செய்து காட்டினார். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கொண்டு கிளம்பிய அக்கருவி இரண்டரை விநாடியே பறந்தது. 41 அடி உயரம் சென்று, 184 அடி தொலைவில் வீழ்ந்தது. நம்மூர்த் தென்னையின் உச்சியைக்கூட எட்டாத உயரம்! எனினும் திங்களுக்குச் சென்ற பயணத்தின் முதற்படி அதுவே.

இனிப் பூங்காவுக்கு வருவோம். அங்கே இரு பொருள்கள் காண்போர் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, கோடார்டின் ராக்கெட்டைப் போன்று செய்த மாதிரி. சுமார் 10 அடி உயரமுள்ள மெல்லிய குழாய்ச் சட்டம். மற்றொன்று, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணை. ஏறக்குறைய 30 அடி உயரமும் நாலரை அடிக் குறுக்களவும் உடையது. முதலிற் கண்ணில் படுவது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வமைப்பில் இரு குறைகள் காண்கிறோம். முதலாவது, பொருட்பிழை. போலாரிஸ், திட எரிபொருளால் இயங்குவது. கோடார்டோ 1921 முதல் திட எரிபொருளை விடுத்துத் திரவ எரிபொருளை நாடினார். அவர் பெயர் நிலைத்ததும் அதனாலேயே. ஒரு கவிஞரின் நினைவு மண்டபத்தில் மற்றொருவரின் பாடலைப் பொறித்து வைத்தாற்போல் இருக்கிறது இது.

இரண்டாவது, திசைப்பிழை. போலாரிஸ், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணுகுண்டைச் சுமந்து செல்ல ஆக்கப்பட்டது. நீருக்கடியிலிருந்து அது முதன்முதலாக ஏவப்பட்ட 1960-இல், கோடார்ட் மறைந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1899 அக்டோபர் 19 அன்று, 17 வயதுச் சிறுவராகச் செர்ரி மரத்தின் மேலிருந்தபோது, செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் ஊர்தியைக் கற்பனை செய்தார் அவர். அந்நாளை ஆண்டுதோறும் நினைவிற் கொண்டார். அவரது அடிச்சுவடு செவ்வாயை நோக்கியது. பூங்கா காட்டும் அடிச்சுவடோ பகைவர் நகரத்தை நோக்கியது.

‘கோடார்டும் படைக்கருவி செய்தவர்தாமே!’ என்று ஒருவர் மறுக்கலாம். மெய்தான். 1918-இல் வீரர் ஏந்திச் செலுத்தும் ராக்கெட்டை அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக உழைத்தார். இதனை மறைக்கச் சொல்லவில்லை நாம். ஆனால் ஒருவர் வாழ்வில் நிகழ்ந்தவை யாவும் அவ்வாழ்வின் உட்பொருள் ஆகிவிடா.

1920 சனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு, காற்றில்லா வெளியில் ராக்கெட் இயங்காது என்னும் தவறான எண்ணத்தால் அவரைத் தலையங்கத்தில் எள்ளி நகையாடியது. மனிதர் திங்களை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969 சூலை 17 அன்று, அதே நாளேடு தன் பிழையைத் திருத்திக் கொண்டது. ஏளனத்துக்கு அஞ்சாது உழைத்த அந்தப் பொறுமையே இளைஞர்க்குக் காட்டத்தக்கது. பெரிய ஏவுகணையின் பக்கத்தில் சிறிய சட்டத்தைக் காணும் சிறுவன், ‘இது வளர்ந்துதான் அதுவாயிற்று’ என்றே கருதுவான். பொறுமையை அவன் எங்ஙனம் கற்பான்?

ராக்கெட் பறந்த அப்பண்ணை நிலம் பின்னாளில் கோல்ஃப் மைதானமாயிற்று. அங்கே 1960-இல் ஒரு நினைவுக்கல் நட்டனர். நிகழ்ந்ததை நிகழ்ந்த இடத்திலேயே சொல்லி நிற்கும் அக்கல்லே நம் கருத்தில் சிறந்த நினைவுச் சின்னம்.

தொலைதூரத்துப் பூங்கா நமக்கெதற்கு என்று எண்ணற்க. கோடார்டின் பெயரால் 1959-இல் அமைந்த அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்துக்குச் சென்று பயின்றவர்களுள் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களும் ஒருவர். பேய்க்கரும்பில் 2017-இல் திறக்கப்பெற்ற அவர்தம் நினைவிடத்திலும் ஏவுகணை மாதிரிகள் நிற்கின்றன. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்துகையிலும் ‘ஏவுகணை மனிதர்’ என்றே தொடங்குகிறோம்.

அப்பெருமகனாரோ, ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளைக் கொண்டு, கால் நலிந்த குழந்தைகள் சுமந்த 3 கிலோ தாங்கியை 300 கிராமாகக் குறைத்ததையே பேரானந்தம் தந்த பணியாகப் பேசி வந்தார். அந்த 300 கிராம் தாங்கியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? ஆபர்ன் ஊராரின் பிழையை எடுத்துக் காட்டும் உரிமை, இவ்வினாவுக்கு விடை சொல்லக் கூடியவர்க்கே உண்டு. பூங்காவைத் திருத்துவது நம் கையில் இல்லை. வீட்டில் சொல்லும் வரலாற்றைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.