புதிய குரலும் கனத்த அல்பமும்: பவர் மெட்டல் மரபு

தோட்டத்துக் காமன் கூத்தில் ரதியின் புலம்பலைப் புதியவர் ஒருவர் எடுத்துப் பாடினால், போன வருஷம் பாடியவரை மனதில் வைத்துக்கொண்டுதான் கூட்டம் காது கொடுக்கும். கேகாலை வாசகர்கள் நன்கறிந்த அந்தச் சோதனை, ஹெவி மெட்டல் இசையின் ஒரு கிளையான பவர் மெட்டல் மேடையிலும் உண்டு.

1976இல் வெளிவந்த ரெயின்போவின் 'ரைசிங்' அல்பத்தில் ரொனி ஜேம்ஸ் டியோ பாடிய பாணி, அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிட்டார், ஜூடாஸ் பிரீஸ்ட்டின் வேகம் ஆகியவை பவர் மெட்டலின் வேர்கள். ஜேர்மனியின் ஹாம்பேர்க்கில் 1984இல் தொடங்கிய ஹெலோவீன் அவற்றைத் தனி மரபாக்கியது.

பள்ளிகள் பல. ஜேர்மன் பள்ளிக்கு வேகமும், கூட்டமே சேர்ந்து பாடும் பல்லவியும் அடையாளம். பின்லாந்தின் ஸ்ட்ராட்டோவேரியஸ் கீபோர்டுக்கும் மேலைச் செவ்வியல் சாயலுக்கும் இடம் கொடுத்தது. இத்தாலியின் ரப்ஸடி 1997இல் கோரஸையும் வாத்தியக் குழு ஒலியையும் கொண்டு கதை சொன்னது. பிரேசிலின் அங்ரா 1996இல் 'ஹோலி லேண்ட்' அல்பத்தில் தன் நாட்டுத் தாளங்களைக் கலந்தது. அமெரிக்காவின் ஐஸ்ட் ஏர்த் போன்றவை தொடக்கத்திலிருந்தே இருளும் கனமும் கொண்டவை.

எந்தப் பள்ளியானாலும் உரைகல் ஒன்றுதான். இரட்டைக் கால் டிரம்ஸ் சீறிப் பாயும்போதும் அதன் மேல் மெட்டு நிதானமாக விரிய வேண்டும். உச்சஸ்தாயியில் சொல் கலங்கக் கூடாது.

ஹெலோவீனில் மைக்கேல் கிஸ்கே பாடிய 'கீப்பர் ஒஃப் த செவன் கீஸ்' இரு பாகங்களும் (1987, 1988) இந்த உரைகல்லையே வகுத்துத் தந்தன. ஆனால் 1993இன் 'கமேலியன்' மெட்டலை விட்டே விலகிப்போக, கிஸ்கே வெளியேற்றப்பட்டார். பிங்க் கிரீம் 69 குழுவிலிருந்து வந்த அன்டி டெரிஸின் குரல் சற்றுக் கரகரப்பானது. கிஸ்கேயின் உச்சத்தை அவரிடம் கேட்காமல், அவர் குரல் நிற்கும் இடத்துக்கே பாட்டைக் கொண்டுவந்தார்கள். டெரிஸும் பாட்டு எழுதினார். 1994இல் வந்த 'மாஸ்டர் ஒஃப் த ரிங்ஸ்' முந்தியதைவிடக் கனமானது, குழுவும் பிழைத்தது.

கனம் எல்லாரையும் ஒன்றுசேர்க்கும் என்பதற்கில்லை. 2000இல் வந்த 'த டார்க் ரைட்' கிட்டாரின் சுருதியைத் தாழ்த்தி இருளுக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டே கிட்டார் வாசித்த ரோலண்ட் கிராப்போவும் டிரம்ஸ் வாசித்த உலி குஷ்ஷும் பிரிந்தனர். அவர்கள் தொடங்கிய மாஸ்டர்பிளான், ஜோர்ன் லாண்டேயின் குரலோடு 2003இல் முதல் அல்பத்தைத் தந்தது.

மறுபக்கம் ஜூடாஸ் பிரீஸ்ட். ரொப் ஹல்ஃபர்ட் விலகிய பின் டிம் 'ரிப்பர்' ஓவன்ஸை வைத்து 1997இல் 'ஜகுலேட்டர்' வந்தது. ஓவன்ஸின் குரலில் குறையில்லை. ஆனால் கிட்டாரின் கனத்தில் மெட்டு மெலிந்துபோனது. 2003இல் ஹல்ஃபர்ட் திரும்பிவிட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தீர்ப்பு தெளிவு: வந்தவருக்கென்று பாட்டு எழுதிய குழு வென்றது, கனத்தை மட்டும் கூட்டிய குழு தடுமாறியது. கிஸ்கேயும், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கை ஹான்சனும் ஹெலோவீனுக்குத் திரும்பிய பின், 2021இல் குழுவின் பெயரிலேயே வந்த அல்பத்தில் டெரிஸ் உட்பட மூவரும் பாடியிருக்கிறார்கள். புதிதாகக் கேட்க விரும்புவோர் முதலில் 'கீப்பர்' இரு பாகங்களையும், அடுத்து 'மாஸ்டர் ஒஃப் த ரிங்ஸை'யும் கேட்டுவிட்டு இந்த 2021 அல்பத்துக்கு வரலாம்.