எதிரணியின் கடன்: ரசிகர்களின் கணக்கு வழக்கு குறித்துச் சில குறிப்புகள்

1

தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. காலையில் பந்து உதைத்துவிட்டு வருகிற பையன்களும், உதைக்க வயசில்லாமல் வேடிக்கை பார்க்க வருகிற என்னைப் போன்றவர்களும் கூடுகிற இடம். 2023 கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை இங்கே நடந்த பேச்சில் பாதிக்கு மேல் பந்தைப் பற்றியதல்ல, கடனைப் பற்றியது. ஹைதராபாத் எஃப்.சி. என்கிற அணியின் கடனைப் பற்றி.

இரண்டே வருடம் முன்னால், 2022 மார்ச்சில், கேரளா பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்து இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வாங்கிய அணி அது. 2023-24 பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போகவில்லை. பழைய பாக்கிக்காக ஃபிஃபா அந்த அணி புது ஆட்களை எடுக்கத் தடை போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஜாம்ஷெட்பூரில் தங்கிய ஓட்டலின் பில்லைக் கட்டவில்லை என்று போலீசில் புகார் போன செய்தி வந்த அன்று கடையில் ஒரே சிரிப்பு. 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானுங்க மச்சி, அடுத்த வருஷம் டீமே இருக்காது' என்றான் ஒருவன். 'எவனாவது சேட்டு வாங்குவான் பாரு' என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மார்ச்சில் அந்த அணி சென்னைக்கு வந்தது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள், பல மாதச் சம்பள பாக்கியோடு ஆடியவர்கள். நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று தோற்கடித்தார்கள். அந்தப் பருவம் முழுவதிலும் அவர்கள் பெற்ற ஒரே வெற்றி அதுதான். மறுநாள் காலை டீக்கடையில் யாரும் கடனைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கோல்கீப்பர் பையன் மட்டும் சொன்னான்: 'சம்பளம் வாங்காதவன் ஜெயிச்சிட்டான்ணே. அவனுக்கு யாரு காசு குடுப்பா?'

மூணு மாதப் பேச்சில் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் இந்தக் குறிப்புகளின் விஷயம்.

2

ரசிகன் என்றாலே ஏமாளி என்பது நம் சிறுபத்திரிகை மரபின் பழைய முடிவு. கட்-அவுட்டுக்குப் பாலூற்றுகிறவன், பிம்பத்தில் சிக்கியவன், கருத்தியலின் இரை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் பிம்பம் பற்றி எழுதிய ஆங்கில நூல் இந்த விவாதத்தை ஆழப்படுத்தியது; ஆனால் அதைப் படித்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது அந்த ஆழத்தை அல்ல, ரசிகன் மீதான ஏளனத்தை மட்டும்தான். விளையாட்டு விஷயத்தில் அந்த ஏளனமும் கிடையாது, வெறும் மௌனம்தான். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இலேயே கிரிக்கெட்டை முன்வைத்துக் காலனியத்தையும் நிறத்தையும் வர்க்கத்தையும் பேசிவிட்டார். எதுவார்தோ கலியானோ 1995இல் கால்பந்தின் வெளிச்சத்தையும் நிழலையும் எழுதினார். நாம் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டு இலக்கியப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

டீக்கடைப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் இந்த 'ஏமாளி' என்கிற சித்திரம் நிற்காது. அந்தப் பையன்களுக்கு மாற்றுத் தொகை, ஒளிபரப்பு உரிமை, சம்பள உச்சவரம்பு எல்லாம் தெரியும். பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று 2021 ஆகஸ்டில் அதன் தலைவர் லபோர்த்தா அறிவித்ததும், வருமானத்தைவிடச் சம்பளச் செலவு அதிகமாகி 103 சதவீதத்தில் நின்றதும், மெஸ்ஸி அழுதுகொண்டே வெளியேறியதும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மாட்ரிட் கட்சிக்காரனும் பார்சிலோனா கட்சிக்காரனும் மோதிக்கொள்ளும்போது கோல் எண்ணிக்கைக்குச் சமமாக வட்டி விகிதமும் வந்து விழுகிறது. பி.காம் அரியர் வைத்திருக்கிற பையன் ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கிறான் என்றால் அது கால்பந்து சங்கத்தினுடையது மட்டும்தான்.

அரசியல் பொருளாதாரம் தெருவில் இப்படித்தான் கற்கப்படுகிறது. ஆனால் இந்த அறிவு வினோதமான இடத்தில் நின்றுவிடுகிறது. எதிரணியின் வாசலோடு. சினிமா ரசிகன் எதிர் நடிகரின் படம் எத்தனை கோடி நஷ்டம் என்று பைசா சுத்தமாகச் சொல்வான். அந்தப் படத்தில் வேலை பார்த்த லைட்மேனுக்குப் பேட்டா போய்ச் சேர்ந்ததா என்பது அவன் கணக்கில் வராது. கடன் யாருடையது என்பது தெரியும், கடன் யாருக்குத் தரவேண்டியது என்பது தெரியாது. ஹைதராபாத் விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

3

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். கொடுக்கவேண்டிய பணமும் கடன், செய்யவேண்டிய காரியமும் கடன். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன். புறநானூற்றின் 312ஆம் பாட்டு தாய்க்கு, தகப்பனுக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு என்று ஆளுக்கொரு கடனைப் பங்கிட்டுவிட்டு, களத்துக்குப் போய் வெட்டி மீள்வதை இளைஞனின் கடனாக்குகிறது. ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதைப் பிடித்துக்கொண்டு நீட்சே 1887இல் அறத்தின் வம்சாவளியையே எழுதினார். கொடுக்கமுடியாதவன் குற்றவாளி என்கிற உணர்வு பொருளாதாரத்துக்கு வெளியிலிருந்து வருவதல்ல, கடன்பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது.

நம் ஊரில் அதற்கு நிறமும் உண்டு: மஞ்சள். 1909ஆம் வருடத்து மாகாணத் தலைநகர்கள் திவால் சட்டம் பம்பாய், கல்கத்தாவோடு நம் சென்னைக்காகவும் போடப்பட்டது. சட்டம் கடனாளிக்குக் கொடுத்தது ஒரு பாதுகாப்பு. பேச்சுவழக்கில் அது ஒரு வசவாகிவிட்டது. 'ஐ.பி. குடுத்தவன்' வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் இந்த வசவு ஒட்டுவதில்லை. கந்துவட்டிக்கு ஐயாயிரம் வாங்கியவனுக்கு அவமானம். ஐயாயிரம் கோடி வாங்கியவனுக்கு 'மறுசீரமைப்பு'. சேரியில் இருப்பவன் கடன் வாங்கினால் ஊதாரி, தொழிலதிபர் வாங்கினால் துணிச்சல். கடனின் ஒழுக்கவியல் சாதியும் வர்க்கமும் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

இதை எனக்குப் புத்தகம் கற்றுக்கொடுக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அப்பா ஓய்வுப் பணத்தை இந்தப் பகுதியில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். மூன்றாவது தீபாவளிக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் பாஸ்புத்தகத்தோடு அந்த வாசலில் நின்றார். எங்கள் தெருவிலேயே வேறு கம்பெனியில் போட்டிருந்த ஒரு மாமா, 'நான் அப்பவே சொன்னேன், பேராசைப்படாதேன்னு' என்றார். அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. எட்டு மாதத்தில் அவர் கம்பெனியும் மூடியது. பிறகு இருவரும் ஒரே வக்கீலிடம் போனார்கள்.

டீக்கடையில் நான் சிரித்த சிரிப்பு அந்த மாமாவின் நிறைவுதான். பாஸ்புத்தகத்தோடு நின்றவரின் பிள்ளை இப்படிச் சிரிக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

4

இந்தச் சிரிப்பு உலகப் பொதுவானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்று இரண்டு சங்கங்கள். ஒன்று புராட்டஸ்டண்டுகளுடையது என்றும் மற்றது அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களுடையது என்றும் நூறு வருடத்துக்கு மேலாகப் பகை. வரிபாக்கி உள்ளிட்ட கடனில் ரேஞ்சர்ஸ் 2012 பிப்ரவரி 14 அன்று நிர்வாகியின் கைக்குப் போனது. ஜூனில் வரித்துறை சமரசத்தை மறுத்தது, பழைய கம்பெனி கலைப்புக்குப் போனது, அணி நான்காம் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்கியது. செல்டிக் ரசிகர்கள் கொண்டாடினார்கள். இப்போது இருப்பது பழைய ரேஞ்சர்ஸே அல்ல, செத்தவன் செத்தவன்தான் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். கம்பெனி வேறு, சங்கம் வேறு என்பது ரேஞ்சர்ஸ்காரர்களின் பதில்.

வேடிக்கை என்னவென்றால் 1994 மார்ச்சில் செல்டிக்கே திவாலுக்குச் சில மணி நேரத் தொலைவில் நின்றது. ஃபெர்கஸ் மக்கேன் என்பவர் பணத்தோடு வந்து மீட்டார். பதினெட்டு வருடத்தில் அந்த நினைவு எங்கே போனது? எதிரியின் கடனைப் பேசுவது தன் கடனை மறப்பதற்கான வழியாகவும் இருக்கிறது. 'அவர்கள்' ஊதாரிகள் என்பதால் 'நாம்' சிக்கனக்காரர்கள். மற்றமையைக் கட்டமைக்கும் வேலையை மதமும் சாதியும் மட்டும் செய்வதில்லை, இருப்புநிலைக் குறிப்பும் செய்கிறது.

அதே சமயம் அந்தக் கிளாஸ்கோ வாதத்தில் ஆழமான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு சங்கம் என்பது எது? பதிவு எண்ணா, மைதானமா, சட்டையின் நிறமா, வருகிற கூட்டமா? ஸ்பெயினில் 1990ஆம் வருடச் சட்டம் தொழில்முறைச் சங்கங்களைப் பங்குக் கம்பெனிகளாக மாறச் சொன்னபோது பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெதிக் பில்பாவ், ஒசாசுனா நான்கும் உறுப்பினர்களின் சொத்தாகவே தொடர அனுமதி பெற்றன. உறுப்பினர் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சங்கம்தான் பார்சிலோனா. கடன் வாராமல் ஜனநாயகம் காப்பாற்றிவிட்டதா என்றால் இல்லை. 2022இல் லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடத்துக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். அதற்கு 'நெம்புகோல்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் ஏறக்குறைய இதே காரியத்துக்கு 'ஒத்திக்கு விடுறது' என்று பெயர். ஆனாலும் ஒரு வித்தியாசம்: அங்கே உறுப்பினர் தலைவரைக் கேள்வி கேட்கலாம், அடுத்த தேர்தலில் இறக்கலாம்.

5

இங்கே யாரைக் கேட்பது? 2018-19 ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரில் ஆடி, கடைசி நாளில் மினர்வா பஞ்சாபைத் தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். அதே 2019இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் சங்கம் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22 பருவத்தில் ஐ-லீக் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஐ-லீக் சாம்பியன் மூன்றே வருடத்தில் காணாமல் போனது. டீக்கடையில் அதற்காக யாரும் அழுததாக எனக்கு ஞாபகமில்லை. 'அவன் சென்னை டீமே இல்ல, கோயம்புத்தூர் டீமு' என்றுதான் பேச்சு.

ஹைதராபாத் கைமாறி, 2025 அக்டோபரில் டெல்லிக்கு இடம்பெயர்ந்து, பெயரும் மாறிப் போனது. ஓர் ஊரின் அணியை மூட்டை கட்டி இன்னொரு ஊருக்கு எடுத்துப்போக ஊர்க்காரனின் சம்மதம் தேவைப்படவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், சிரித்த எங்கள் வாசலுக்கும் அது வந்துவிட்டது. 2010இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிக்கவில்லை. லீக் நடக்குமா என்று தெரியாத நிலையில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. 2015லும் 2017-18லும் கோப்பை வாங்கிய அணி. நவம்பரில் கூட்டமைப்பு கேட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விலை சொல்லவில்லை. ஒரு நாட்டின் கால்பந்தே ஒத்திக்கு விடப்பட்டிருந்தது என்பதும், எதிரணியின் கடன் என்று தனியாக எதுவும் இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஃப்ரான்சைஸ் அமைப்பில் ரசிகனின் பற்று என்பது முதலாளி கணக்கில் வரவு வைக்கப்படுகிற ஒரு சொத்து. விற்கும்போது விலையோடு அதுவும் சேர்த்து விற்கப்படும். நஷ்டம் வரும்போது மட்டும் அது ரசிகனின் துக்கமாகத் திருப்பித் தரப்படும். ரங்கநாதன் தெருவில் இருநூறு ரூபாய்க்குப் போலிப் பனியன் வாங்கிப் போட்டுக்கொள்கிற பையனால் சங்கத்துக்குப் பத்துப் பைசா பிரயோஜனமில்லை என்பார்கள். அவனை நான் வேறுமாதிரிப் பார்க்கிறேன். அந்த வணிகச் சுற்றுக்கு வெளியே நின்று அணியை நேசிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

6

எதிரணி ரசிகர்கள் சேரவே முடியாதா? 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டதற்கு எதிராக நகரம் கொதித்த நேரம், ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டமில்லாத அன்று இரண்டு அணி ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்து சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே நீதி கேட்டு நின்றார்கள், தடியடியும் பட்டார்கள். பகை போய்விடவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி வசைபாடியிருப்பார்கள். ஆனால் எதைப் பகையாக வைத்துக்கொள்வது, எதை வைத்துக்கொள்ளக்கூடாது என்று அன்று அவர்களே தீர்மானித்தார்கள்.

நம் ஊரிலும் சின்ன அளவில் ஒன்று நடந்தது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி தன்னுடைய 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவர்களிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மன்றத்தில் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியது, உடனடியாகத் திரும்பப் பெற்றார்கள். வியாசர்பாடியிலிருந்து ஆடவருகிற ஒரு பையனுக்கு அந்த 120 ரூபாய் என்றால் என்ன என்று கணக்குப் போடுவதற்கு இருப்புநிலைக் குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஏரியைத் தூர்த்து 1920களில் நீதிக் கட்சி ஆட்சி உருவாக்கிய இந்தப் பேட்டையில் சதுர அடிக்கு என்ன விலை என்று தெரியும். இங்கே காசு வாங்காமல் பந்து உதைக்க ஒரு மண் தரை மிச்சமிருப்பதே பெரிய விஷயம்.

அந்தத் தீர்மானம் வந்த அன்று காலை டீக்கடையில் பார்சிலோனா, மாட்ரிட், சென்னை எல்லாக் கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிடுங்கிப் படித்தது. 'நம்ம கிரவுண்டு லிஸ்டுல இருக்காண்ணே?' என்று ஒருவன் கேட்டான். 'இருந்தா மட்டும்தான் கேப்பியா?' என்றான் கோல்கீப்பர் பையன். யாரும் சிரிக்கவில்லை.

அவன் முன்பு கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் சொல்லப்படவில்லை. ஒரு சங்கம் விழும்போது யாருடைய பாக்கி முதலில் தீர்க்கப்பட வேண்டும்? புல் வெட்டுகிறவர், சட்டை துவைக்கிறவர், பதினெட்டு வயது ஆட்டக்காரன், இவர்களையெல்லாம் வரிசையில் எங்கே நிறுத்துவது? ரசிகர் கூட்டங்கள் அடுத்த முறை எதிரணியின் கணக்கைத் திறக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம். நாமும், இலக்கியப் பக்கத்துக்குப் போகிற வழியில், அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.