உறங்கும் யோசேப்பு

திருக்குடும்பத் திருவிழாவை ஒட்டி, எம் மறைக்கல்வி வகுப்பில் நாற்பது விநாடிப் படமொன்றைக் காண நேர்ந்தது. தண்டலத்துச் சிறுவன் ஒருவன், அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளையும் அவற்றோடு வரும் சிறு பொம்மைகளையும் கொண்டு, திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்ற நிகழ்ச்சியைப் படமாக்கியிருந்தான். பொம்மையைச் சற்றே நகர்த்தி ஒரு நிழற்படம். மீண்டும் நகர்த்தி மற்றொன்று. விநாடிக்குப் பத்தாக நானூறு படங்கள், எல்லாம் கைப்பேசியில். விரைந்து ஓட்டினால் பொம்மை நடக்கிறது. 'ஸ்டாப் மோஷன்' என்பர் இம்முறையை.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டிய மௌனப்படமொன்றை மும்பையில் கண்டு திரைக்கலையின்பால் ஈர்க்கப்பட்டவர் தாதாசாகேப் பால்கே. 1912இல் அவர் பட்டாணி முளைத்துச் செடியாவதை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறுகச் சிறுகப் படம்பிடித்தார். அதைக் காட்டியே 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்குப் பொருளுதவி தேடினார். கட்டைகளைக் கொண்டு எடுத்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்று, 1973இல் டென்மார்க்கில் சிறுவர் இருவர் ஆக்கிய நிலவுப் பயணம்.

2014இல் வெளிவந்த 'தி லெகோ மூவி'யோ பெரும்பகுதி கணினியில் உருவானது. ஆயினும், கையால் நகர்த்தியது போன்ற தோற்றம் வேண்டி, கட்டைகளின்மேல் கீறல்களையும் விரல் ரேகைகளையும் கணினியாலேயே பதித்தனர். அதில் ஒரு தந்தை, தாம் அடுக்கிய நகரை எவரும் கலைக்காதபடி பசையிட்டு ஒட்ட முனைகிறார். மகனோ கலைத்து விளையாட விழைகிறான். நல்ல கருத்துத்தான். ஆனால் நூறு நிமிடம் விளம்பரம் பார்த்த உணர்வும் எழாமலில்லை.

நம் சிறுவனின் தந்தை பசையிடவில்லை, உறங்கினார். ஒரகடத்து ஆலையொன்றில் அவருக்கு இரவுப்பணி. ஒற்றை அறை வீட்டில் பகலில் விளக்கேற்றலாகாது. சன்னல் வெளிச்சமே கிட்டியது. ஆகவே படத்தில் நிழல்கள் ஓடுகின்றன. கழுதை மூன்றடி வைப்பதற்குள் ஒரு பிற்பகல் கழிந்துவிடுகிறது. சிலர் இதனைக் குறை என்றனர். நான் உடன்படேன். நெடுவழியின் நீளத்தை இதனினும் சிக்கனமாகச் சொல்லுதல் அரிது. பின்னணியில் இட்ட ஆரவாரப் பாட்டே மெய்யான குறை. மத்தேயு நற்செய்தியில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லையே!

படத்தின் உயிர் அதன் முதற் பத்து விநாடிகளில் இருக்கிறது. வானதூதர் கனவில் தோன்றுமுன் யோசேப்பு உறங்குகிறார். இப்பொம்மைகளுக்கு முழங்கை மடங்காது; கையால் கண்ணை மறைக்க வழியில்லை. சிறுவன் நீலக் கட்டையொன்றை அவர் முகத்தின்மேல் வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

"வெயில் படுமே, ஃபாதர்" என்றான்.

இரவில் எழுந்து புறப்பட்ட யோசேப்பை அவன் பகலில் உறங்கவைத்துவிட்டான். நற்செய்தியின்படி இது பிழை. திருத்தும்படி சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இந்தப் பகுதிக்கு எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். யோசேப்பின் கனவை விளக்கியிருக்கிறேன், கீழ்ப்படிதலை விளக்கியிருக்கிறேன். அவருடைய களைப்பைப்பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

அவர் விழிக்கும்போது கட்டை சட்டென்று மறைந்துவிடுகிறது. அதனை நான்கைந்து படங்களில் மெல்ல விலக்கியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். வார விடுப்பில் தந்தைக்குக் காட்டுமுன் அதைச் சரிசெய்துவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.