புல் வெட்டும் மிஷினும் வேகம் என்னும் மருந்தும்

புல் வெட்டும் இயந்திரங்கள் இரண்டு வழிகளில் வெட்டுகின்றன. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் தட்டு மிஷின், டிரம் மிஷின், தோளில் தொங்கவிடும் சிறு மிஷின் ஆகியவை அடித்து அறுக்கின்றன. தண்டு வளைவதற்குள் கத்தி அதைக் கடந்துவிடுகிறது. பற்கத்தி இடமும் வலமுமாக ஓடும் மிஷினும் நேப்பியர் புல்லை நறுக்கும் சாப்பரும் கத்தரிக்கோலைப் போல வேலை செய்பவை. ஓடும் கத்திக்கும் அசையாத கத்திக்கும் நடுவே புல் அகப்பட்டு நறுக்கப்படுகிறது. இரு வகையும் அடைத்துக்கொள்ளும், காரணங்கள் வேறு. ஆனாலும் மலாக்காவின் ஜாசின் பக்கத்து மாட்டுக் கொட்டகைகளில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்லப்படுகிறது: வேகத்தைக் கூட்டு, போதாவிட்டால் பெரிய மோட்டாராக மாற்று.

மலாக்காவில் புல்லைக் காயப்போட்டு வைக்கோலாக அடுக்குவது எளிதல்ல. மழை மாதம் பார்த்து வருவதில்லை, காற்றிலும் ஈரம் குறைவதில்லை. பச்சையாக வெட்டி, நறுக்கி, அன்றன்றைக்கே மாட்டுக்குப் போடுவதே இங்கு ஒத்துவரும் முறை. தோட்டத்து லயங்களில் மாடு வளர்த்தவர்கள் அரிவாளால் அறுத்து, கட்டிச் சுமந்தார்கள். அடைப்பு என்ற பேச்சே அங்கு எழவில்லை. நேப்பியரும், அண்மையில் தாய்லாந்துக் கலப்பினமான பாக்சோங்கும் பரவிய பிறகு நிலைமை மாறியது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் இந்தப் புல்லின் எடையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அடித்தண்டு கரும்பு மாதிரி தடித்திருக்கும். இலையோ மெல்லிய நார். இந்த இரண்டையும் ஒரே கத்தி ஒரே நேரத்தில் வெட்டியாக வேண்டும்.

வேகத்தை நம்புவோர் பக்கமும் நியாயம் உண்டு. தட்டு மிஷினில், டிராக்டரின் விசையைக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது தட்டுகள் 3,000 சுற்றை ஒட்டி ஓடுகின்றன. கத்தி நுனி நொடிக்கு 70 மீட்டருக்குமேல் போகிறது. அந்த வேகம் இறங்கினால் தண்டு வெட்டுப்படாமல் சாய்ந்துகொள்ளும், வெட்டிய நிலத்தில் கோடு கோடாகப் புல் நிற்கும். சாப்பரிலும் நறுக்கிய புல்லைக் குழாய் வழியே எறிய ஓரளவு வேகம் தேவை. குழாயில் மட்டும் ஈரப்புல் தங்குகிறதென்றால் பெல்ட் தளர்ந்ததோ சுற்று குறைந்ததோதான் பெரும்பாலும் காரணம். இந்த இடங்களோடு வேகத்தின் வேலை முடிகிறது.

பற்கத்தி மிஷினுக்கு வரும்போது இதே வாதம் நிற்பதில்லை. கைப்பிடித்து நடத்தும் மிஷினில் சக்கரத்தையும் கத்தியையும் ஒரே இன்ஜின் ஓட்டுகிறது. ஒரே கியரில் ஆக்சிலேட்டரைத் திருப்பினால் கத்தி வேகமாக ஓடும், மிஷினும் அதே விகிதத்தில் முன்னே பாயும். ஒரு வீச்சுக்கு எவ்வளவு புல் கத்தி முன் வருகிறதோ அந்த அளவு அப்படியே இருக்கும். டிராக்டரிலும் பெரும்பாலும் இதே கதை. பாரம் குறைய வேண்டுமானால் கியரைக் கீழே இறக்க வேண்டும். ஆக்சிலேட்டருக்கு அதில் பங்கில்லை. இவ்வளவு எளிய கணக்கு கடைப் பேச்சில் வராமல் போவது வியப்புதான்.

கியரை இறக்கியும் அடைத்தால் கத்தியைப் பார்க்க வேண்டும். பற்கள், வெட்டும் பட்டையில் நீட்டி நிற்கும் அசையாத விரல்களுக்குள் இருக்கும் தட்டில் ஒட்டி ஓட வேண்டும். மேலே அழுத்தும் கிளிப்பு தேய்ந்தால் கத்தி எழும்பி, இலை மடிந்து நடுவே நுழைகிறது. வீச்சின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பல்லும் ஒரு விரலின் நடுவில் வந்து நிற்க வேண்டும். விரல்களுக்கு இடையே 76 மில்லிமீட்டர் உள்ள வழக்கமான பட்டையில் பல் சில மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் ஒரு பக்கம் வெட்டாமல் நசுக்கும். இயக்கத் தண்டின் நீளத்தைத் திருத்தினால் இது சரியாகிவிடும். பட்டையின் வெளிமுனையில் இருக்க வேண்டிய ஒதுக்குப் பலகை உடைந்துபோன மிஷின்களும் உண்டு. அது இல்லாவிட்டால் வெட்டிய புல் அடுத்த சுற்றின் வழியிலேயே கிடக்கும். பட்டையின் உள்முனைச் சறுக்கு அதன்மேல் ஏறி அடைத்துக்கொள்ளும். பற்கத்தியின் தொடக்க காலத்திலேயே இந்தத் தொல்லை தெரிந்திருந்தது. 1833இல் அமெரிக்காவின் ஓபெட் ஹஸ்ஸி தன் அறுவடை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடைப்புக்கு அவர் 1847இல் கண்ட தீர்வு, சருகு வெளியேறும்படி விரலைத் திறந்து வடிவமைத்தது. அந்தத் தீர்வு வேகத்தைக் கூட்டுவதல்ல.

சாப்பரில் தவறு இன்னும் விலை கூடியது. மின்மோட்டாரில் ஆக்சிலேட்டர் இல்லாததால் புல்லியை மாற்றுகிறார்கள். மோட்டார்ப் பக்கம் பெரிய புல்லி வைத்தால் கத்தி உருளை வேகமாகச் சுற்றும், ஆனால் அதன் திருப்புவிசை அந்த அளவுக்கு இறங்கிவிடும். தடித்த கட்டு வரும்போது உருளை திணறுகிறது, பெல்ட் வழுக்குகிறது, மோட்டார் சூடாகிறது. புல்லை உள்ளிழுக்கும் உருளைகள் அதே தண்டிலிருந்து ஓடுபவை என்றால் உள்ளே வரும் புல்லும் கூடிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பாரம் குறையவே குறையாது. உருளையின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட்டின்மேல் இழுவை 44 சதவீதம் ஏறும், ஏனெனில் அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தயாரித்தவர் போட்ட போல்ட்டும் பேரிங்கும் இதை எண்ணிப் போடப்பட்டவையல்ல. அடைப்பு விலகியதாகத் தோன்றும் சில நாட்களுக்காக இவ்வளவு ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதைத் திறமை என்று சொல்ல முடியாது.

சாப்பரில் முதலில் பார்க்க வேண்டியது சுழலும் கத்திக்கும் அசையாத எதிர்க்கத்திக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அது அரை மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு ஒன்று இறுக்கமாக நுழைவது நடைமுறை அளவு. கத்தியைத் தீட்டத் தீட்ட உலோகம் குறைந்து இந்த இடைவெளி விரியும். பலர் கத்தியைத் தீட்டுகிறார்கள், எதிர்க்கத்தியைத் தொடுவதில்லை. அதனால்தான் புதிதாகத் தீட்டிய மறுநாளே அடைப்பு வருகிறது, பழி புல்லின்மேல் விழுகிறது. வெளியே விழும் புல்லே குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். தண்டு துண்டாக இருந்து இலை மட்டும் நீள நாராக வந்தால் இடைவெளி விரிந்திருக்கிறது. எல்லாமே நசுங்கி வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது. எதிர்க்கத்தியின் விளிம்பு உருண்டிருந்தால் அதைத் திருப்பிப் போடலாம். பல மிஷின்களில் அதற்கு இரண்டு விளிம்புகள் உண்டு.

புல்லின் வயதும் கணக்கில் வர வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தன் கம்பு நேப்பியர் வகைகளுக்கு முதல் வெட்டுக்குப் பின் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கச் சொல்கிறது. எடை கூடட்டும் என்று மாதக்கணக்கில் விட்டால் தண்டு கட்டையாகிறது, அடி இலை காய்ந்து நாராகிறது, மழையில் பயிர் சாய்கிறது. அத்தகைய புல்லை வெட்ட எந்த மோட்டாரும் திணறும்.

வேகவாதம் மறைக்கும் கடைசிச் செலவு மனிதக் கை. அடிக்கடி அடைக்கும் சாப்பரின் மூடி விரைவில் கழற்றி ஓரம் வைக்கப்படுகிறது. உருளை ஓடும்போதே கை மிஷினின் வாய்க்குள் போகிறது. மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. ஆளை வைத்துச் சாப்பர் ஓட்டும் பண்ணைக்கும் அந்த ஆளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை உண்டு. பிளக்கைப் பிடுங்கி, உருளை முழுதும் நின்ற பிறகே அடைப்பை எடுக்க வேண்டும்; எடுப்பதும் கொக்கியால்தான்.

சாப்பர் வாங்க வருபவரிடம் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவது விற்பவருக்கு எளிது. எதிர்க்கத்தியைப் பற்றிப் பேசினால் பல மிஷின்களை விற்க முடியாது. ஆகவே கேள்வி வாங்குபவரிடமிருந்து வர வேண்டும். எதிர்க்கத்தியை நகர்த்தப் போல்ட் இருக்கிறதா, மாற்றுக் கத்தி கிடைக்கிறதா, மூடியைக் கழற்றாமல் கத்தியைப் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். இடைவெளியைத் திருத்த வழியே இல்லாத மிஷின், எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் வாங்கத் தக்கதல்ல.