பக்கத்துக் கடை அக்காவும் சங்கத்துக் கடை அக்காவும்

சித்திரைத் திருவாதிரை ராமாநுஜர் பிறந்த நாள். 1017-இல் அவர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்பதால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பத்து நாள் உற்சவம் நடக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும் காலம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் சவுக்குக் கட்டை நட்டு, தார்ப்பாய் கட்டிக் கடை போடுகிறார்கள். மண்பானை, களிமண் உண்டியல், மரச்செப்பு, நடைவண்டி, பனையோலை விசிறி, மூங்கில் முறம், பாசிமணி என்று வரிசை நீள்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் உற்பத்தியாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்ட். ஷிப்டு பஸ்கள் ஓடும் அதே சாலைகளில் கோடை வந்தால் திருவிழாக் கடைக்காரர்களின் மினி லாரிகளும் ஓடுகின்றன. சித்திரையில் ஸ்ரீபெரும்புதூர். வைகாசியில் காஞ்சிபுரம் வரதராஜர் கருடசேவை. ஆடிக் கிருத்திகைக்கு ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை முருகன் கோயில், குன்றத்தூர், திருத்தணி. கைவேலைக் குடும்பங்கள் பலவற்றுக்கு வருஷத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்தில்தான் வருகிறது.

இதே மாதங்களில் இலங்கையின் வடக்கிலும் திருவிழாக் காலம். வைகாசி விசாகத்தை ஒட்டி முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஆடியிலும் ஆவணியிலுமாக இருபத்தைந்து நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவம், ஆவணியில் செல்வச்சந்நிதி. அங்கேயும் பனையோலைப் பெட்டியும் மண்சட்டியும் கடைக்கு வருகின்றன. இரண்டு கரையிலும் பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான், விற்பவர்களிடையே நட்பும் உண்டு. ஆனால் அந்த நட்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் இரண்டும் வேறு. இங்கே அது பயணத்தில் பிறக்கிறது. அங்கே ஊரிலும் கைவினைஞர் சங்கத்திலும் பிறந்து, பிறகு கடைக்கு வருகிறது.

ஸ்ரீபெரும்புதூர் தெருவில் பானைக் கடைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். போட்டிக்காரர்கள் ஏன் ஒட்டி உட்கார வேண்டும் என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். சேர்ந்து இருந்தால்தான் "பானைக் கடை அந்தப் பக்கம்" என்று ஜனம் தேடி வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாள் முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கும். குழாய் வைத்த பெரிய பானை ஒரு கடையில் தீர்ந்தால் அடுத்த கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், கணக்கு இரவில். வாங்க வந்தவர் விரல் கணுவால் பானையைத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது, மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். மந்தமாக ஒலித்த பானையைக் கடைக்காரம்மாவே எடுத்துப் பின்னால் வைத்துவிடுகிறார். விரிசல் பானை ஒன்று விலைபோனால் அடுத்த கடைக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். பானை அடுக்கி வந்த வைக்கோல் வீணாவதில்லை, உண்டியல் கடைக்குப் போகிறது.

"அக்கா, கடையைக் கொஞ்சம் பாத்துக்கோ. புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வந்திடறேன்."

"போய்ட்டு வா. அம்பது ரூபாய்க்குச் சில்லறை இருந்தா குடுத்துட்டுப் போ."

இப்படி ஒப்படைப்பவரும் ஏற்பவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு ஜாதி. வருஷத்துக்கு நாலைந்து திருவிழாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் உறவு. முதலில் வந்து சேர்பவர் பின்னால் வருபவரின் இடத்தில் ஒரு கோணியை விரித்து, நாலு செங்கல் வைத்துக் காக்கிறார். எந்த ஊரில் இந்த வருஷம் தரைவாடகை கூடியிருக்கிறது, எங்கே மழை, எங்கே கூட்டம் என்பதெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. சரக்குக்கு வாங்கிய கடனுக்குத் தவணை நாள் நெருங்கினால் கைமாற்றும் இதே வரிசையில்தான். எழுத்து இல்லை, வட்டி இல்லை, அடுத்த திருவிழாவில் திரும்பி வரும்.

இந்தியாவில் அரசு நடத்தும் கைவினைச் சந்தைகளும் இதே பயணத்தின் மேல்தான் கட்டப்பட்டவை. தில்லி ஹாட் 1994-இல் தொடங்கியது. அங்கே கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் சுழற்சியில் கடை ஒதுக்குவார்கள். ஹரியானாவில் சூரஜ்குண்ட் மேளா 1987-இலிருந்து நடக்கிறது. பத்தமடைப் பாய் கொண்டுபோன பெண்ணுக்குப் பக்கத்தில் கட்ச் பூவேலைக்காரர் இருப்பார். பொது மொழி கிடையாது. இரண்டாம் நாளே சாப்பாட்டுப் பாத்திரம் இடம் மாறும், ஐந்தாம் நாள் ஒருவர் சரக்கை மற்றவர் விற்றுக்கொண்டிருப்பார். பெரிய தேசத்தில் வீட்டைவிட்டு அத்தனை தூரம் வந்தவர்களுக்குப் பக்கத்துக் கடைதான் வீடு.

இனி யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றிய வீதிகளை அடைத்து, மாநகர சபை கடைகளுக்கு இடம் கொடுக்கிறது. பனம்பொருள் கடையில் அடுக்கியிருப்பது கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, குட்டான், தொப்பி, நிறமூட்டிய ஓலைக் கைப்பைகள். நார்க்கடகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பனை மட்டையிலிருந்து உரித்த நாரால் இழைத்து, விளிம்பை இறுக்கிப் பொத்தியிருப்பார்கள். மண் சுமக்கவும் நெல் அள்ளவும் தாங்கும். ஓலை காய்ந்துவிட்டால் மடிப்பில் ஒடியும், அதனால் இழைக்கும் ஓலையை ஈரத் துணியில் சுற்றியே வைத்திருப்பார்கள். கடையில் கூட்டம் இல்லாத வேளையிலும் அந்தக் கைகள் சும்மா இருப்பதில்லை.

"அக்கா, ஒருக்கா கடையைப் பாருங்கோ. சாப்பிட்டிட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ."

பேச்சு ஒன்றுதான், ஆனால் பின்னணி வேறு. யாழ்ப்பாணத்தில் அந்த இருவரும் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சங்கம். ஒரு கடையில் இருக்கும் பெட்டிகள் பல வீடுகளில் இழைத்தவை. உட்கார்ந்திருப்பவர் தன்னுடையதையும் அயல்வீட்டாருடையதையும் சேர்த்து விற்கிறார். கைதடியோ சாவகச்சேரியோ பருத்தித்துறையோ, கடைசி பஸ்ஸைப் பிடித்தால் இரவு வீடு. தெருவில் சேர்ந்து சமைப்பதும் தார்ப்பாய்க்கு அடியில் சேர்ந்து தூங்குவதும் அவ்வளவாக இல்லை. அதற்குப் பதில் மற்ற மாதங்களில் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஓலை வார்ந்த பழக்கம் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் துணையை இழந்த பெண்கள் பலருக்கு ஓலை வேலை கைகொடுத்தது அப்படிப்பட்ட முற்றங்களில்தான். அந்தப் பெண்களுக்குச் சேர்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்ததை நான் வருமானத்துக்குக் குறைவாக மதிக்கவில்லை.

இந்த முற்றத்துக்கு மேலே அரசின் அமைப்பும் உண்டு. பனை அபிவிருத்திச் சபை 1978-இல் ஏற்பட்டது. 'கற்பகம்' என்ற பெயரில் அதன் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. நாடு முழுவதற்குமான தேசிய அருங்கலைகள் பேரவை 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அரசு விற்பனை நிலையமான லக்சல 1964-இலிருந்து இருக்கிறது. தெற்கிலும் கைவேலை ஊரை ஒட்டியே நிற்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சாலையில் வேவல்தெனியவில் பிரம்பு, மொலகொடவில் மட்பாண்டம், பிலிமத்தலாவையில் பித்தளை. வீட்டு வாசலே கடை, அடுத்த வாசல் போட்டிக் கடை, இரண்டும் சொந்தம். தும்பறைப் பாய் நெசவை 2021-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

இலங்கையில் கைவேலை இப்படி ஊர் ஊராக ஊன்றி நின்றதற்குக் கண்டி அரசின் காலத்து நில முறையும் ஒரு காரணம். கைவினைக் குடிகளுக்கு நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக வேலை வாங்கினார்கள். ராஜகாரியம் என்ற அந்தக் கட்டாய ஊழிய முறையை ஆங்கில அரசு 1832-இல் நீக்கியது. ஊர்கள் மட்டும் நின்றுவிட்டன. கொழும்பில் பிறந்த தமிழர் மகன் ஆனந்த குமாரசுவாமி 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும், அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞர் பற்றியும் நூல் எழுதினார். இரு கரையையும் ஒருசேரப் பார்த்து எழுதியவர்களில் அவரைப்போல் இன்னொருவரைச் சொல்வது கடினம். கைவினைஞரைத் தனி மனிதராகப் பார்க்காமல் ஒரு கூட்டத்தின் உறுப்பாகப் பார்த்தவர் அவர். அந்தப் பார்வை இன்றைக்கும் தேவை.

இரண்டு முறையிலும் குறை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வரிசையின் நட்புக்கு எல்லை இருக்கிறது, அதை மறைத்து எழுதக்கூடாது. பாசிமணி கோக்கும் நரிக்குறவர் குடும்பங்கள் பெரும்பாலும் வரிசையின் கடைசியில், தார்ப்பாய்கூட இல்லாமல் உட்கார்கின்றன. 2023-இல் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தாயிற்று. கடைத்தெருவில் அவர்கள் இடம் இன்னும் நகரவில்லை. தவிர, இந்த உறவுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. 2020-இலும் 2021-இலும் கொரோனாவால் திருவிழாத் தெருக்கள் வெறிச்சோடியபோது, எந்தச் சங்கப் பதிவிலும் இல்லாத இந்தக் குடும்பங்களைத் தேடிப் போய் உதவ ஒரு பட்டியல்கூட இல்லை. ஒருவரையொருவர் போனில் விசாரித்துக்கொண்டதுதான் மிச்சம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் உண்டு, 'மதி' என்ற விற்பனைப் பெயர் உண்டு. ஊர் ஊராகப் போகும் குடும்பம் அந்தக் குழுக்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

அங்கே குறை வேறு விதம். சங்கம் சரியாக நடந்தால் எல்லோரும் பிழைப்பார்கள், சங்கம் சுணங்கினால் எல்லோரும் சேர்ந்து சுணங்குவார்கள். பனை அபிவிருத்திச் சபை எந்த மாதிரிப் பெட்டியைக் கேட்கிறதோ அதையே இழைப்பதால் புதிய கைவேலை பார்க்கும் வாய்ப்பு குறைவு. போர் முடிந்து, தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்த பிறகு நல்லூருக்குத் தெற்கிலிருந்து வியாபாரிகள் வரத் தொடங்கினார்கள். இடம் போகிறதே என்று உள்ளூர்க்காரர்கள் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கடையில் சிங்களம் பேசுபவர் உட்கார்ந்து, இருவரும் விரல் காட்டிச் சில்லறை மாற்றிக்கொள்வது அந்த மண்ணில் சிறிய விஷயம் இல்லை.

இரண்டு கரைக்கும் சேர்ந்து வந்த ஒரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். இலங்கை 2017 செப்டம்பரில் சாப்பாட்டுப் பாலித்தீன் தாள்களைத் தடை செய்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. ஓலைப் பெட்டிக்கும் மண்கலத்துக்கும் அதற்குப் பிறகு மறுபடியும் தேவை வந்திருக்கிறது. தேவை வந்தால் இடைத்தரகரும் வருவார். அந்த நேரத்தில் இழைப்பவர்களும் வனைபவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால்தான் விலை அவர்கள் கையில் நிற்கும்.

யாழ்ப்பாணத்தின் சங்கமும் ஸ்ரீபெரும்புதூரின் பயண நட்பும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு இந்தியாவில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். திருவிழாக் கடைக்காரர்களையும் அந்தக் குழுவில் உட்கார வைத்தால், ஆண்டுதோறும் அருகருகே கடை போடும் குடும்பங்களுக்கு அருகருகே இடம் கிடைக்கும். தரைவாடகையைக் குத்தகைதாரர் நினைத்தபடி ஏற்ற முடியாது. நரிக்குறவருக்கும் தார்ப்பாய் கட்ட இடம் வரிசைக்குள்ளேயே கிடைக்கும்.

தொழிற்சாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை எடுத்து, திருவிழா நாள்களில் கடைக்காரப் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் செய்து கொடுக்கலாம். பத்து நாள் தெருவில் இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது இவைதான். சித்திரைக்கு இரண்டு மாதம் முன்பே உள்ளாட்சியும் கோயில் நிர்வாகமும் கடைக்காரர்களை உட்காரவைத்துப் பேசினால், அடுத்த உற்சவத்துக்குள்ளேயே இதைச் செய்து முடித்துவிடலாம்.