நிலாவெளியில் வானை நிறுத்தினோம்

திருகோணமலைக்குப் போக நினைப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: கடலைப் பார்த்த அறை, குளிரூட்டி, காலைச் சாப்பாடும் சேர்த்து என்று யார் எதைக் காட்டினாலும் மயங்கிவிடாதீர்கள். வானுக்குள் பாயும் பானையும் ஏற்றுங்கள். நிலாவெளிப் பக்கம், கடலை ஒட்டி, வாகனத்தை விட்டுத் தங்க இடம் கொடுக்கும் தென்னை வளவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குள் போய் நிறுத்துங்கள். பிறகு சொல்லுங்கள், இந்த நாட்டில் இதைவிடச் சுகமாக நித்திரை எங்கே வருகிறதென்று.

எங்களுக்கு அது வழியில் ஒரு தரிப்பிடம் மட்டும்தான். ஆவணிப் பள்ளிக்கூட விடுமுறை. கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பே என்று கிழக்குக் கரையோடு இறங்கி, தெற்கைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதாகத் திட்டம். எங்கள் பழைய டொல்பின் வானின் கடைசி இருக்கையை இவர் (என் கணவர்) கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் மெத்தை போட்டார். மேலே கரியரில் கூடாரம், பாய்க்கட்டு, தண்ணீர்க் கான்கள். உள்ளே காஸ் அடுப்பு, சட்டி பானை, திருவலை. அம்மா தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது ஒரு பை ஒடியல் மா. கடற்கரைக்குப் போகிறோம், மீனுக்கா பஞ்சம் என்பது அவவின் கணக்கு.

தம்பிக்கு இப்படித் திரிவது புதிதில்லை. ஒன்ராறியோவில் கோடை பிறந்தால் ஆர்.வீ. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பூங்காக்களுக்குப் போகிறவன். வண்டிக்குள்ளேயே கட்டில், குசினி, குளியலறை. போய் நிறுத்துகிற இடத்தில் இலக்கம் போட்ட ஒரு துண்டு நிலம், மின்சாரம் சொருக ஒரு கம்பம், தண்ணீருக்கு ஒரு குழாய். நல்ல இடம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிந்து வைக்க வேண்டுமாம். "இஞ்சை அப்பிடி என்னக்கா இருக்கு?" என்று வவுனியா தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

ஹொரவப்பொத்தானைப் பாதையால் வந்தால் நகருக்குள் நுழைய முதலே கன்னியா வந்துவிடும். 7 கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில், சதுரமாகக் கட்டியவை. ஆழம் இல்லை, அடி தெரியும். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. தாயின் கடமையைச் செய்ய இராவணன் நிலத்தில் குத்தி எடுத்த ஊற்று என்பது கதை. இன்றைக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வருகிறவர்கள் உண்டு. பயண அலுப்போடு வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிப் பாருங்கள், முதுகு நோ பறந்துவிடும். தம்பியின் கடைசிப் பெட்டை ஒவ்வொரு கிணற்றிலும் விரலை விட்டு, எது சூடு கூட என்று பெரிய ஆராய்ச்சியே செய்து முடித்தாள்.

மச்சம் வாயில் வைக்க முதல் கோணேசரைக் கும்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான்கள், யாரையும் சட்டை செய்யாமல், கச்சான் விற்கிறவரின் கூடைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றன. 1622 இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். மலை உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். அந்தக் கடலடியில்தான் 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இராவணன் வெட்டு அருகே காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பூசை முடிந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

இனி வளவுக்கு வருகிறேன், நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

கிடுகு வேலி. தகரப் படலை. வானின் வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணை, அப்பிடியே வராதேங்கோ, புழுதி மணல், ரயர் தாழும். மட்டை போட்டிருக்கு, அதுக்கு மேலாலை விடுங்கோ" என்றார். பார்த்தால், படலையிலிருந்து கடல் பக்கம்வரை தென்னோலை மட்டைகளைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி ஒரு பாதையே போட்டு வைத்திருக்கிறார்! சடசட என்று நொறுங்கும் சத்தத்தோடு வான் போய் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் நின்றது. வீட்டுச் சுவரிலிருந்து மரத்துக்கு மரம் தொங்கி வந்த ஒரு வயர், அதன் நுனியில் பல்ப்பும் பிளக்கும். கிணற்று மோட்டரிலிருந்து ஒரு குழாய். கழுவித் துடைத்த கக்கூஸ். இவ்வளவுதான். தம்பி வயரைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், "எல்லாம் இருக்கக்கா" என்றான்.

கிணற்றுத் தண்ணீரைச் சொல்லாமல் விடக்கூடாது. கடல் கூப்பிடு தூரத்தில், ஆனால் தண்ணீரில் உப்பு நாக்கில் தட்டவே இல்லை. தேத்தண்ணிக்கு அப்படி ஒரு சாயம் பிடித்தது.

குறை சொல்லாமல் இருக்க நான் என்ன காசு வாங்கியா எழுதுகிறேன்? மணல் இருக்கிறது. பாயில் மணல், சோற்றில் மணல், காதுக்குள்ளும் மணல். பக்கத்துக் காணியில் ஒரு பட்டாளம் நடுச்சாமம் வரை பைலா போட்டது. ஆனால் பைலா அடங்கிய பிறகு பாருங்கள்! கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் காலம். நுளம்பு ஒன்று கிட்ட வராது. பெண்களும் சிறிசுகளும் கூடாரத்தில், அம்மா வானுக்குள் மெத்தையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இவரும் தம்பியும் வெறும் பாயில். படுத்த கையோடு குறட்டை.

விடியப்புறம் எழுப்பியது அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கிறார்கள்! தோணியில் போய் அரைவட்டமாக வலையை வளைத்து விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. அந்தத் தாளத்துக்குத்தான் கால் பின்னே போகும். எங்கள் பிள்ளைகள் கேட்காமலே கயிற்றில் போய்த் தொங்கினார்கள். ஒருவரும் விரட்டவில்லை. "இழு ராசா, இழு, காலை ஊண்டி இழு" என்று ஒரு கிழவர் தன் முன்னால் இடம் விட்டுக் கொடுத்தார். வலை கிட்ட வர வர இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மீன் தப்பாமல் இருக்க இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடலை அடித்தார்கள். கடைசியில் மடி கரையேறியது. அவிழ்த்ததும் வெள்ளி கொட்டியது: நெத்தலி, சாளை, காரல், நடுவே ஒன்றிரண்டு பாரை, இரண்டு மூன்று கணவாய். காகங்கள் பாடு கொண்டாட்டம். சம்மாட்டி கயிறு இழுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையிலும் கொள்ளுமட்டும் மீனை அள்ளிப் போட்டார். உழைத்த கூலி! தம்பியின் மூத்தவன் அந்த மீனைக் கழுவவும் விடாமல் வெகுநேரம் வைத்திருந்தான்.

பாரையைக் காசு கொடுத்து வாங்கினோம். நண்டும் இறாலும் வீட்டுக்காரர் களப்புப் பக்கம் ஆளனுப்பி எடுத்துத் தந்தார். அம்மா ஒடியல் மாப் பையை அவிழ்த்தா.

காஸ் அடுப்பு கூழ்ப் பானைக்குக் காணாது. மூன்று கல், பொச்சுமட்டை, தென்னம்பாளை. வீட்டுக்கார அக்கா தன் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தா. முருங்கையிலை அவவின் வேலியோரத்து மரத்தில் ஒடித்தது. மாவை முதலே தண்ணீரில் ஊறப்போட்டுக் காறல் போக வடித்தாயிற்று. ஒரு கை அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு கொதித்து வர, நண்டு உடைத்துப் போட்டு, இறால், பாரைத் தலை, துண்டு மீன். பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் புளிக்கரைசலும். கடைசியில்தான் மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும். "அம்மா, நாங்க இதுக்குப் பால் விடுவம்" என்று அக்கா மெல்லச் சொல்லிப் பார்த்தா. "கூழுக்குத் தேங்காய்ப்பாலோ! பிள்ளை, நீ தள்ளி நில்" என்றா அம்மா. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பிலாவிலைக்கு அங்கே வழியில்லாததால் சிரட்டையில் குடித்தோம். நெற்றி வியர்த்து, மூக்கு ஒழுகி, கடற்காற்று அதை உடனே காயவைத்து, மறுபடி ஒரு சிரட்டை. கண்டியிலிருந்து வந்து அடுத்த மரத்தடியில் கூடாரம் அடித்திருந்த சிங்களக் குடும்பத்துக்கும் கொடுத்தனுப்பினோம். அந்த வீட்டுப் பாட்டனார் கொஞ்ச நேரத்தில் சிரட்டையோடு தானே நடந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வாய் பேசவில்லை, சிரட்டையை நீட்டினார். எந்த நட்சத்திர விடுதி இந்தச் சாப்பாட்டைப் போடும், சொல்லுங்கள்!

கடல் பற்றியும் சொல்லியாக வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கிழக்குக் கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். நிலாவெளியில் நடந்து போகப் போக இடுப்பளவுதான். நீந்தத் தெரியாத நானே பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசிக்குப் பிறகு போய் இதைத் தேடாதீர்கள். வாடை தொடங்கி மழையும் அலையும் வந்துவிடும், படகும் ஓடாது.

படகு என்றதும் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர். பாறைகளில் மாடப்புறா கூடு வைப்பதால் அந்தப் பெயர். 2003 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கண்ணாடியைப் போட்டு முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மச்சாள் நீருக்குள்ளேயே கத்திவிட்டாள்: செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று தன்பாட்டில் கடந்து போனதாம். ஆளை ஒன்றும் செய்யாது என்று படகுக்காரத் தம்பி சொல்லியும் பிறகு அவள் கரையோடுதான். முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று படம் பிடிக்கிற சனத்தைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. அது கல்லில்லை ஐயா, உயிர்.

வெளிக்கிடுகிற காலை ஒருவருக்கும் மனமில்லை. வீட்டுக்காரர் கேட்ட காசு, நகரில் ஓர் அறைக்குக் கேட்டதில் ஒரு மூலைக்கும் காணாது. இவர் கூட்டிக் கொடுத்தார், அவர் அதற்கு இளநீர் வெட்டி ஏற்றிவிட்டார். சீனக்குடாவால் போகும்போது துறைமுகம் விரிந்து கிடந்தது. மலைகள் சுற்றி வளைத்துக் காக்கும் அந்த ஆழத்துக்காகத்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இங்கேதான். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன என்று இவர் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். அவர்களோ கரைவலைக் கயிறு கிழித்த உள்ளங்கைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009 இல் திறந்தது. அதற்கு முன் இந்தத் துறையைப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும்; வாகனங்கள் வரிசையில் காய்ந்துகொண்டு நிற்கும். அக்கரையில் எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கி, வானுக்குள்ளேயே ஒன்றை முடித்தோம். மூதூர், வெருகல், வாகரை என்று இவர் வழி சொல்லிக்கொண்டிருக்க, மச்சாள் மிரிஸ்ஸவில் பதிந்து வைத்த அறையை ரத்துச் செய்யலாமா என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். "அங்கை இப்ப தென்மேல் காத்து. கடல் கால் நனைக்கவும் விடாதாம். மட்டக்களப்போடை திரும்பி இஞ்சையே வந்து நிப்பமா?"

மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர் மட்டும் டீசல் முள்ளைப் பார்த்தார்.